ரைட்டு

உத்தமபாளையத்து ஹுஸ்னாவுக்கு லாரி ஓட்டத் தெரியாது. ஆனால் அவள் இல்லாமல் அந்த லாரி கிளம்பாது. பேட்டரி பாதி உயிரில் கிடந்ததால் வீட்டு முன்னால் உள்ள சரிவில்தான் எப்போதும் வண்டி நிற்கும். ஹேண்ட் பிரேக் என்றைக்கோ செத்துப்போயிற்று. முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு புளியங்கட்டை, அதில் ஒரு கயிறு. விடிந்ததும் புருஷன் சேக் பரீத் ஏறி உட்கார்ந்து "ரைட்டு" என்பார். இவள் வெடுக்கென்று கயிற்றை இழுப்பாள். வண்டி உருண்டு, இருமி, ஸ்டார்ட் ஆகிவிடும். கிளீனராக வந்த எவனும் அந்தக் கிழட்டு லாரியிடம் தாக்குப்பிடிக்கவில்லை. இவள்தான் தாக்குப்பிடித்தாள்.

இரண்டாயிரத்து மூன்றில், சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சை வெட்டு மும்முரமாக இருந்த நேரம், அடியில் கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகிற ஷாப்ட் கடகடவென்று சத்தம் போட்டது. ஒர்க்‌ஷாப்பில் விடச் சொன்னாள் ஹுஸ்னா. "அங்கன விட்டா ஒரு வாரம் போட்டுருவான். நானே பாத்துக்கிறேன்" என்று ஸ்பேனர் சாவிகளோடு லாரிக்கு அடியில் புகுந்துவிட்டார் பரீத். சொன்னால் கேட்கிற மனுஷனா அவர்?

"ஷாப்ட்டக் கழட்டிட்டேன். இப்ப கியர்கூட வண்டியப் புடிக்காது. கட்டை ஒண்ணுதான். பாத்துக்க புள்ள" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

அவருடைய கால்கள் இரண்டும் பின்சக்கரத்துக்கு முன்னால் நீண்டு கிடந்தன. கட்டைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். ஆடு வந்தால் விரட்டினாள். யார் காலிலும் தட்டிவிடக் கூடாதென்று கயிற்றைத் தன் கையிலேயே சுற்றி வைத்துக்கொண்டாள்.

வெயில் ஏறியது. பரீத் ஷாப்ட்டை நெஞ்சின்மேல் தாங்கி, போல்ட் துளைகளை நேருக்கு நேர் கொண்டுவரப் பார்த்தார். நழுவியது. மறுபடி தூக்கினார். அவருக்கு மூச்சு வாங்குவது வெளியே கேட்டது. ஒருவழியாகத் துளையும் துளையும் பொருந்தின. சந்தோஷத்தில் அவர் வாயில் வந்தது ஒரே சொல்.

"ரைட்டு."

அவள் யோசிக்கவே இல்லை. கை இழுத்துவிட்டது.

கட்டை உருவிக்கொண்டு வந்தது. லாரி சத்தமில்லாமல் நகர்ந்தது. "புள்ள, வண்டி நகருது" என்றார் பரீத், சந்தேகம் கேட்பவர்போல. ஹுஸ்னா குப்புற விழுந்து, கட்டையை இரண்டு கையாலும் டயருக்கு அடியில் திணித்தாள். விரல் ஒன்று நகத்தோடு நசுங்கியது. வண்டி நின்றது.

கீழேயிருந்து சத்தமே இல்லை. செத்துவிட்டார், நானே கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தாள்.

"கைலி மாட்டிக்கிருச்சு. கத்தரி எடுத்துட்டு வா" என்றது குரல்.

பின்சக்கரம் அவர் கைலியின்மேல் ஏறி நின்றிருந்தது. காலுக்கும் டயருக்கும் நடுவில் ஒரு விரல் நுழையாது. அவளுக்குக் கட்டையை விட்டு நகரத் துணிவில்லை. "கிழிச்சுக்கிட்டு வந்துருங்க" என்று அழுதாள்.

அவர் கைலியைக் கிழித்துக்கொண்டு ஊர்ந்து வெளியே வந்தார். வண்டி சரியாகிக் கிளம்பிய காலையில், பரீத் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வழக்கம்போல "ரைட்டு" என்றார். கயிறு அவள் கையில் இருந்தது. இழுக்கவில்லை.

"எங்கன இருக்கீக?" என்று கேட்டாள்.

கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிற மனுஷனிடம் கேட்கிற கேள்வியா அது? வேறொரு நாளாக இருந்தால் தெருவே சிரிக்கக் கேலி செய்திருப்பார்.

"மேலதான் இருக்கேன், ஹுஸ்னா" என்றார்.

அதற்கப்புறம்தான் கட்டையை எடுத்தாள். அந்த லாரி இருந்த வரைக்கும் ஒவ்வொரு காலையும் அவள் கேட்டாள், அவர் சொன்னார்.