சாரதாம்பாள் பூட்டிய பாகம்

சாரதாம்பாள் அக்கா யாரையும் நம்ப மாட்டார். காஜா பேராங் கடைத்தெருவில் நகல் எடுக்கும் கடைக்குப் போனால், கெட்டுப்போன தாளையும் கேட்டு வாங்கி வந்து வீட்டில் கிழித்துப் போடுவார். அவருடைய கம்ப்யூட்டர் தொடங்க மறுத்தது. புது விண்டோஸ் போட என்னைக் கூப்பிட்டவர், வாசலிலேயே என் பையைத் திறந்து காட்டச் சொன்னார். எனக்குக் கோபம்தான். விஜயாவுக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

விஜயா அவருடைய வளர்ப்பு மகள். அவளுக்கு இன்னும் சிவப்பு ஐசிதான், குடியுரிமை இல்லாதவர்களுக்கான அடையாள அட்டை. வியாழக்கிழமை குடியுரிமை விசாரணை. நாடு சுதந்திரம் பெற்ற மெர்டேக்கா ஆண்டில் அக்காவின் அப்பா வாங்கிய குடியுரிமைத் தாளின் எண்ணைக் கேட்டிருந்தார்கள். தாளைக் கறையான் தின்றுவிட்டது. ஸ்கேன் செய்த படம் அந்தக் கம்ப்யூட்டர் டிஸ்க்கின் டி பாகத்தில் மட்டும்தான் இருந்தது.

விண்டோஸ் போடும் திரையோ, டி பாகத்தில் இருப்பது தனக்குப் புரியவில்லை என்றது. அழித்துவிடலாமா என்று வேறு கேட்டது. நான் அதைத் தொடவில்லை. கேபிளைக் கழற்றி மாட்டினேன், டிஸ்க்கைச் சோதித்தேன். பழுது ஒன்றுமில்லை.

"போன மாசம் வரைக்கும் இருந்துச்சு. நீ கை வச்சதும் காணோமா தம்பி?"

டி பாகத்தைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டி வைத்தீர்களா என்று கேட்டேன். திருடனைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகுதான் ஒத்துக்கொண்டார். விஜயா எதையாவது நோண்டிவிடுவாள் என்று அவரே பூட்டியிருக்கிறார். கடவுச்சொல் மறந்துபோயிற்று. பூட்டைத் திறக்கும் நாற்பத்தெட்டு இலக்கங்களை எழுதிய தாளை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை முருகன் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். மறு பாதியை, என்னவென்று சொல்லாமல், செமாபோக்கில் இருக்கும் தங்கை ருக்மணியிடம் கொடுத்திருந்தார்.

ருக்மணிக்கு ஃபோன் போட்டோம். வெறும் எண்களாக இருந்ததால் அக்கா ஏதோ செய்வினை வைக்கிறார் என்று பயந்து, அன்றைக்கே எரித்துக் கடலில் கரைத்துவிட்டாராம். குடும்பமே அப்படி. எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா அப்படியே நாற்காலியில் சரிந்ததைப் பார்த்ததும் அது போய்விட்டது. விஜயாவின் வாழ்க்கையைத் தானே பூட்டிவிட்டதாகச் சொல்லி அழுதார்.

தேநீரோடு வந்த விஜயா தன் கைப்பேசியை நீட்டினாள். எரிப்பதற்கு முன் சின்னம்மா அதைப் படம் பிடித்து, இது என்ன மந்திரம் என்று அவளிடம் கேட்டிருந்தாராம்.

"பூட்டுக்கான நம்பர்னு அப்பவே தெரியும்மா. மத்த பாதியைத்தான் சாமி படம் துடைக்கிறப்பெல்லாம் பார்க்கிறேனே."

இரண்டு வருடமாக இரண்டு பாதியும் அவளிடம் இருந்திருக்கின்றன. அவள் ஒருநாளும் திறக்கவில்லை.

அக்கா எழுந்து, கம்ப்யூட்டர் முன்னால் இருந்த நாற்காலியை விஜயாவுக்குக் கொடுத்தார்.

"நீ கொஞ்சம் வெளியே நில்லு தம்பி," என்றார் என்னிடம்.