சாயா ஆறுவதற்குள்

நான் அஞ்சாம் கிளாஸ் வரை படித்தவள். எழுத்து கோணலாக வரும், பாதி மறந்தும் போயிற்று, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் மட்டாஞ்சேரியில் எங்கள் சந்து முனைச் சாயாக்கடைப் பெஞ்சில், ஆவி பறக்க வைத்திருந்த அந்தக் கண்ணாடி கிளாஸ் மட்டும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அறுபதுகளின் தொடக்கம். நான் கல்யாணமாகி வந்த புதிது. தீயணைப்பு நிலையத்துக்கு மாற்றலாகி வந்த ஆபீசர் தெருத்தெருவாக நடந்து, தீப்பிடித்தால் எந்த இடத்துக்கு முதலில் வண்டி, எதற்கு அப்புறம் என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். சுக்கு, மிளகு மூட்டை அடுக்கும் கிட்டங்கிகளுக்கு நடுவே நெளிந்து உப்புநீர்க் காயலில் போய் முடிகிற எங்கள் சந்தைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். வண்டி நுழையாத இடம் கடைசி வரிசையாம்.

என் புருஷனின் அக்கா, எனக்கு மைனி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார். "சாரே, எங்க அத்தா படுத்த படுக்கை. நீங்க கடைசி வரிசைன்னா தீ காத்து நிக்குமா?"

அத்தா என்றது என் மாமனாரை. ஆபீசர் சொன்னார்: ஒரு நாள் சொல்லாமல் வருவேன். உங்கள் வீட்டுப் பக்கத்துக் காலிமனையில் பழஞ்சாக்கைக் கொளுத்துவேன். கடையில் ஒரு சாயா வாங்கி வைப்பேன். அது ஆறுவதற்குள் தீயில் முதல் தண்ணீர் விழுந்தால் இந்தச் சந்தும் முதல் வரிசை.

அன்றிலிருந்து மைனிக்கு வேறு பேச்சில்லை. "தண்ணின்னு கத்தினா நம்ம நாலு தமிழ் வீடுதான் திரும்பும். மலையாளத்துல வெள்ளம்னு கத்தணும்."

ஒரு முற்பகல் புகை எழுந்தது. மைனி வாசலில் நின்று "வெள்ளம், வெள்ளம்" என்று கூவினார். எங்கள் சந்தில் அந்தக் கூவலுக்கு ஒரே அர்த்தம்தான்: குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. எல்லா வீட்டுப் பெண்களும் குடத்தோடு முனைக் குழாய்க்குப் பாய்ந்தார்கள். தோளில் ஹோஸ் சுருளோடு ஓடிவந்த தீயணைப்பு ஆட்கள் குடங்களுக்கு நடுவே சிக்கி நின்றார்கள். "வெறும் காத்துதான் வருது" என்று ஒருத்தி குழாயைத் திட்டினாள்.

மைனி வாசலை விட்டு இறங்கி ஓடிவந்தார். "குழாயை விடுங்கடி, காயலுக்குத் திரும்புங்க." ஆம்பிளைகள் எதிரே முகம் காட்டாத என்னையும் இழுத்து வரிசையில் நிறுத்தினார். "வெட்கத்தை அப்புறம் படு, குடத்தை வாங்கு." உப்புத் தண்ணீர் கைமாறிப் போய்ச் சாக்கின் மேல் கொட்டியது. ஹோஸ் வந்து சேர்ந்தபோது கரிநாற்றம்தான் மிச்சம்.

ஆபீசர் கடைக்கு நடந்தார். சந்தே பின்னால் போனது. கிளாஸை எடுத்து வாயில் வைத்தவர் உதடு சுட்டுக் கீழே வைத்தார். "இத்தா, இனி ஞங்கள் எந்தினா?" அக்கா, இனி நாங்கள் எதற்கு என்று கேட்டுச் சிரித்தார்.

"முதல் தண்ணி எங்களோடது, மிச்சத் தீ உங்களோடது. ரெண்டையும் சேர்த்து எழுதிக்குங்க சாரே" என்றார் மைனி.

அப்படியே ஆயிற்று. எங்களுக்கு முதல் வண்டி. அது வரும்வரை குடவரிசை. மற்றச் சந்துகளுக்கும் மைனியே போய்ப் பழக்கினார். அடுத்த மழைக்காலத்துக்கு முன் சுக்குக் கிட்டங்கி நிஜமாகவே பற்றியது. "வெள்ளம்" என்று கேட்டதும் ஒருத்திகூடக் குழாய்ப் பக்கம் போகவில்லை. வண்டியும் வந்தது. அத்தாவின் கட்டிலை நகர்த்தக்கூட வேண்டியிருக்கவில்லை.

இப்போது போனை அமுக்கினால் வண்டி வருகிறது. சாயாக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. அந்த நாளைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் நான் எழுதியதைச் சரிபார்த்துச் சொல்லுங்கள். எரிந்தது சாக்கா வைக்கோலா, கிளாஸில் இருந்தது சாயாவா காப்பியா என்றுகூட எனக்குச் சந்தேகம் வருகிறது. சூடாக இருந்தது என்பதில் மட்டும் சந்தேகமில்லை.