நகராத இயந்திரம் தேடிய அசெசேலா

அசெசேலாவை நான் முதன்முதலில் சந்தித்தது 1998-ஆம் ஆண்டு, ஃபிஜித் தீவின் லௌட்டோகா சர்க்கரை ஆலை அந்தப் பருவத்தின் அரைவையைத் தொடங்கிய வாரத்தில். ஆலைக் கரி தெருவெங்கும் உதிர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் சீட்டோவின் பல் மருத்துவமனையில் நான் நோயாளிகளின் பதிவேட்டையும் கடிதங்களையும் கவனித்து வந்தேன். பின்னறையில் பல் செட் செய்வதற்காக நியமிக்கப்பட்டிருந்த அசெசேலா, வெள்ளைச் சட்டையில் கரும்புள்ளிகளோடு என் மேசை முன் நின்று, ஆலையே தம்முடையது என்பதுபோல் மன்னிப்புக் கேட்டார். ஆறடி உயரமுள்ளவர். கை மட்டும் நகைத்தொழிலாளியின் கைபோல் நிதானமானது.

நல்ல தொழில்காரர்; ஆனால் எவருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். எங்கள் ஊரில் உறவுக்காரர் ஒருவர் வந்து, கெரேகெரே என்று சொல்லி ஒரு பொருளைக் கேட்டால் கொடுத்துவிட வேண்டும். மற்றவர்கள் இதற்குச் சில உபாயங்களை வைத்திருந்தார்கள்: பொருளை ஒளித்து வைப்பார்கள், அல்லது தாங்களே ஒளிந்துகொள்வார்கள். அசெசேலாவின் உடல் எந்தக் கதவுக்குப் பின்னாலும் மறையவில்லை. அவருடைய குடை, கைக்கடிகாரம், இரண்டு மேலங்கிகள், ஒரு கட்டில் ஆகியவை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போயின. அவரோ எவரிடமும் எதையும் கேட்டதில்லை. கேட்க வெட்கப்படுவார்.

பின்னறையில் ஓர் இயந்திரம் இருந்தது. பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி இளக்கும். இளகிய தகட்டைப் பல்லின் பிளாஸ்டர் அச்சின் மேல் கவிழ்த்து, அடியிலிருந்து காற்றை உறிஞ்சும். தகடு பல்லின் வடிவத்தை அப்படியே பெற்றுவிடும். ரக்பி ஆடுபவர்களுக்கான பற்காப்புகளை அவர் அதில்தான் செய்தார். 2008-ஆம் ஆண்டு, நகரத்துப் பெண்கள் அணியைச் சேர்ந்த வாசிதி என்பவள், அவர் செய்த பற்காப்பை அணிந்திருந்தும் முன்பற்கள் இரண்டை இழந்தாள். அசெசேலா அந்தப் பற்காப்பை வாங்கி, குறுக்கே வெட்டி, அளந்தார். நான்கு மில்லிமீட்டர் தகடு முன்பற்களின் மேல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இழுபட்டிருந்தது.

"அடி பட்டதுனால போகலக்கா," என்றார் என்னிடம். "நான் போட்டதே காகிதம்."

வாசிதிக்குப் புதிய பற்களையும் அவரே கட்டிக்கொடுத்தார்.

மறு ஆண்டு ஈஸ்டருக்கு முன், தேவாலயப் பெண்கள் குழு சாக்லேட் அச்சுகள் செய்வதற்காக அந்த இயந்திரத்தைக் கேட்டது. மூன்றரைக் கிலோ, ஒரு பெண்மணி இடுப்பில் வைத்துக்கொண்டு போனார். பதினொரு வாரங்களுக்குப் பிறகு, சூடேற்றும் கம்பி கருகி, தேங்காய் மணத்தோடு அது திரும்பி வந்தது.

டாக்டர் சீட்டோ குரலை உயர்த்தும் பழக்கம் இல்லாதவர்.

"புதுசு ஒண்ணு வாங்கித் தர்றேன், அசெசேலா. பெண்கள் அணி ஆகஸ்ட்ல சூவாவுக்கு ஆடப் போகுது, அதுக்குள்ள வந்துடும். ஆனா ஒண்ணு. அந்த மெஷின் இந்தக் கட்டடத்த விட்டு வெளிய போச்சுன்னாலோ, ஒரு வேலை தாமதமானாலோ, எல்லாத்தையும் சூவா லேபுக்கு அனுப்பிடுவேன். பின்னறையை எக்ஸ்ரேக்கு எடுத்துக்குவேன். உங்கமேல கோபம் இல்ல."

கோபம் இல்லாததுதான் அவரை அச்சுறுத்தியது. ஐம்பத்திரண்டு வயதில், பல் கட்டுவதைத் தவிர வேறொன்றும் அறியாதவர் அவர்.

ஜூன் மாதத்தில், விற்பனையாளர் ஜெயந்திலால் இரண்டு இயந்திரங்களோடு சூவாவிலிருந்து வந்தார். முதலாவதைத் தாமே ஒரு கையால் தூக்கி மேசைமேல் வைத்தார்.

"பாருங்க சார், எவ்வளவு லேசு! நாலே கிலோ. எங்க வேணும்னாலும் தூக்கிட்டுப் போகலாம்."

"அப்படியா," என்றார் அசெசேலா வருத்தத்தோடு.

"கைப்பிடி கூட இருக்கு."

"அதக் கழட்ட முடியுமா?"

ஜெயந்திலால் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன்.

"தனியா கம்ப்ரஸர் தேவையில்ல சார். சாதாரண பிளக் போதும். சின்னப் பிள்ளை கூட ஓட்டிடலாம்."

"யார் வேணும்னாலும்?"

"யார் வேணும்னாலும்!"

"அப்போ வேண்டாம்," என்றார் அசெசேலா.

இரண்டாவது இயந்திரத்தை ஜெயந்திலாலும் ஓட்டுநரும் சேர்ந்து சுமந்து வந்தார்கள். அது இருபத்திரண்டு கிலோ. உறிஞ்சுவதற்குப் பதிலாக மேலிருந்து ஆறு மடங்கு காற்றழுத்தத்தால் தகட்டை அமுக்குவது. இயங்குவதற்குத் தனியாக, காற்றை அழுத்தித் தரும் ஒரு கம்ப்ரஸர் வேண்டும்; அதைச் சக்கரத்தில் உருட்டி வந்தார்கள். இவற்றையெல்லாம் ஜெயந்திலால் குறைகளாகக் கருதி, தாழ்ந்த குரலில் வேகமாகச் சொன்னார். அசெசேலா ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

செய்துகாட்டுவதற்கு ஜெயந்திலால் ஓர் அச்சை எடுத்தார். அதில் பற்கள் அனைத்தும் பள்ளிக்கூட வரிசைபோல் நின்றன.

"இப்படி ஒரு வாய் இந்த ஊர்ல கிடையாது," என்று அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அசெசேலா அலமாரியிலிருந்து ஒரு முன்வரிசை ஆட்டக்காரரின் அச்சை எடுத்து வந்தார். அதில் பற்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வெளியேற முயன்றன. இரண்டு இயந்திரங்களிலும் ஒரே கனமுள்ள தகட்டை இட்டு, இரண்டு பற்காப்புகளையும் வெட்டி அளந்தார். முதலாவதின் முன்பகுதி ஒன்றரை மில்லிமீட்டர்; இரண்டாவதில் ஏறக்குறைய மூன்று.

"இதைக் கொடுங்க. மேசையோட சேர்த்து போல்ட் அடிக்க வழி இருக்கா?"

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல சார்."

நான்கு துளைகள் இடப்பட்டன. அதன்பின் வந்த உறவினர்கள் இயந்திரத்தை அசைத்துப் பார்த்து, பெருமூச்சு விட்டு, தேநீர் அருந்திவிட்டுப் போனார்கள். அசெசேலா அடுத்த ஆறு வாரங்களில் சற்றே பருத்தார்.

ஆகஸ்ட் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, அவருடைய தாய்மாமன் மகன் பெனியோனி மலையூரிலிருந்து வந்தார். டாக்டர் அந்த வாரம் ஆக்லாந்துக்குச் சென்றிருந்தார். பெண்கள் அணியின் இருபத்துமூன்று பற்காப்புகள் சனிக்கிழமை காலைக்குள் வேண்டும், அச்சுகள் தயாராகியிருந்தன, புதன்கிழமை தகடு அழுத்தும் வேலை தொடங்க வேண்டும்.

"மச்சான், மெஷினைக் கேக்க வரல, பயப்படாத," என்றார் பெனியோனி. "தேவாலயக் கூரைக்குப் பெயின்ட் பீச்சி அடிக்கணும். அந்தச் சக்கரம் வச்சது சும்மாதானே நிக்குது? கெரேகெரே."

அசெசேலா கொடுத்துவிட்டார். இயந்திரத்தைப் பற்றி மட்டுமே இரண்டு மாதங்களாக எண்ணிக்கொண்டிருந்தவருக்குக் கம்ப்ரஸரும் அதன் பாகந்தான் என்பது, அதைச் சுமந்த வண்டி மூலை திரும்பிய பிறகே உறைத்தது. ஓடிப்போய்ச் சாலையில் நின்று, சற்று நேரம் கழித்து உள்ளே வந்து அமர்ந்தார்.

"டாக்டரோட கம்ப்ரஸர்ல குழாய் போட்டா?" என்று கேட்டேன்.

"அது நாற்காலிக்கு. அதுல ஆறு மடங்கு அழுத்தம் வராதுக்கா. மறுபடியும் காகிதந்தான் வரும்."

"அப்படின்னா போய்த் திருப்பிக் கேளுங்க."

"கொடுத்தத எப்படித் திருப்பிக் கேக்கறது?"

"திருப்பிக் கேக்க வேண்டாம். புதுசா கேளுங்க. அவங்களும் இல்லன்னு சொல்ல முடியாதுதானே?"

ஐம்பத்திரண்டு ஆண்டுகளில் அந்தச் சாலை இருபக்கமும் திறந்திருப்பதை அவர் கவனிக்கவில்லை.

மறுநாள் காலையில் சந்தையில், கேட்கப் போகிறவர் காணிக்கையாக முன்வைக்கும் யாங்கோனா வேரில் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு பேருந்து ஏறினார். அவர் வழியிலேயே திரும்பிவிடுவார் என்று அஞ்சி நானும் உடன் சென்றேன். மூன்று மணி நேரப் பயணம். ஊரை அடைந்தபோது கூரையில் ஒரு பாதி சிவப்பாகியிருந்தது.

"என்ன மச்சான், மேற்பார்வைக்கு வந்தியா?" என்று மேலிருந்து கூவினார் பெனியோனி. "அக்காவையும் கூட்டிட்டு வந்திருக்க. பல் பிடுங்கவா?"

அவர் இறங்கி வந்ததும் வீட்டுக்குள் பாயில் அமர்ந்தோம். அசெசேலா வேர்க்கட்டை முன்னால் வைத்தார். மழையைப் பற்றியும் மரவள்ளியைப் பற்றியும் பேருந்தைப் பற்றியும் பேசினார்கள். பிறகு மறுபடியும் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

"கெரேகெரே," என்றார் அசெசேலா இறுதியில், பாயை நோக்கி.

"என்னது?"

"கெரேகெரே. கம்ப்ரஸர்."

"அது உன்னோடதுதானே, மச்சான்?"

"இல்ல. உனக்குக் கொடுத்தாச்சு. இப்போ கேக்கறேன்."

பெனியோனி எழுந்தார். வாசலுக்குச் சென்று, "எல்லாரும் வாங்க! அசெசேலா கேக்கறான்!" என்று கத்தினார். வந்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். ஒரு கிழவர், காது கேட்கவில்லை என்று சொல்லி, மறுபடியும் கேட்கச் செய்தார். கம்ப்ரஸரோடு இரண்டு மூட்டைச் சேம்பும், கால் கட்டிய ஒரு கோழியும் வண்டியில் ஏற்றப்பட்டன. கூரை அடுத்த ஆண்டுவரை பாதிச் சிவப்பாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் இருபத்துமூன்றும் முடிந்தன. ஒவ்வொன்றின் முன்பகுதியையும் அவர் அளந்தே கொடுத்தார். திங்கட்கிழமை திரும்பிய டாக்டர் சீட்டோ, பின்னறையில் கோழி இறகு கிடப்பதைக் கண்டார், இயந்திரம் இருந்த இடத்திலேயே இருப்பதையும் கண்டார். எக்ஸ்ரே அறை மாடியில் கட்டப்பட்டது. அணி சூவாவில் முப்பத்தொன்றுக்கு ஐந்து என்று தோற்றது. பற்கள் எதுவும் போகவில்லை.

அதன்பிறகு அசெசேலா கேட்கக் கற்றுக்கொண்டார். மின்விசிறி கேட்டார், கிடைத்தது. கிழக்குச் சுவரில் சன்னல் கேட்டார். போன கட்டிலுக்கு ஈடாக வேறொரு மச்சானிடம் அதைவிடப் பெரிய கட்டிலைக் கேட்டு வாங்கினார். என்னிடம் ஒருமுறை என் மூக்குக்கண்ணாடியைக் கேட்டார், கொடுத்தேன், அவருக்குப் பொருந்தவில்லை.

2017-ஆம் ஆண்டு, சிறுநீரகம் செயலிழந்து லௌட்டோகா மருத்துவமனையில் கிடந்தார். நான் அருகில் இருந்த பிற்பகலில், அந்த அணியின் தலைவியாக இருந்த தைனா, வேகவைத்த மரவள்ளியோடும் இரண்டு குழந்தைகளோடும் பார்க்க வந்தாள். சூவா ஆட்டத்துக்குப் பின்னும் ஆறு பருவங்கள் ஆடியவள். அவர் உண்ணவில்லை, பேசுவதும் அன்று காலையிலிருந்து நின்றுவிட்டிருந்தது. அவள் குனிந்து, "ஏதாவது வேணுமா, மாமா?" என்றாள்.

"கெரேகெரே," என்றார் அவர். "வாயத் திற. முன்பல்ல பாக்கணும்."