துருப்பிடிக்காத குழாய்

என் கார் சைலன்சரின் முனைக்கு டைட்டானியம் குழாய் ஒன்று வாங்கி மாட்டினேன். நீலமும் ஊதாவுமாக மின்னும் அந்த நிறத்தில் மயங்கித்தான் வாங்கினேன். கேட்டவர்களிடம் மட்டும், எடை குறைவு, கடலூர் உப்புக்காற்றிலும் துருப்பிடிக்காது என்று அளந்துகொண்டிருந்தேன்.

ஆயுத பூஜைக்குச் சிதம்பரத்திலிருந்து என் மாமனார் வந்திருந்தார். பூஜை போடும் வண்டி பளிச்சென்று இருக்க வேண்டும் என்று, நான் எழுவதற்குள் காரைக் கழுவிவிட்டார். குழாயின் நீலத்தைப் புகைக்கறை என்று நினைத்து, கம்பி நாரால் தேய்த்து வெள்ளையாக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்.

"பாருங்க மாப்ள, கறை மொத்தமும் போயிடுச்சு!"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அது டைட்டானியம் மாமா! தெரியலன்னா தொடாம இருக்க வேண்டியதுதான?" என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. அவர் கையிலிருந்த நாரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

மழைக்காலம் முடிவதற்குள் அந்தக் குழாயில் பழுப்பாகத் துரு ஏறியது. டைட்டானியம் துருப்பிடிக்காது என்று ஊரெல்லாம் சொன்னவன் நான்தான். நீலம் வெறும் பூச்சு. உள்ளே இருந்தது சாதாரண இரும்பு.

பொங்கலுக்கு வந்த மாமனார் குனிந்து அதைத் தடவிப் பார்த்தார்.

"நான் தேச்சதாலதான் துரு புடிச்சிருச்சு. மன்னிச்சுக்கங்க மாப்ள."

அது டைட்டானியமே இல்லை மாமா, ஏமாந்தது நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போதெல்லாம் வரும்போது அவரே தேங்காய் எண்ணெய் கொண்டுவருகிறார். வாசலில் குந்தி அந்த இரும்புக்குத் தடவுகிறார். தடவி முடிக்கும்வரை நான் வெளியே வருவதில்லை.