எந்த வண்டி ஏறிப் போன

அந்தக் கேசட்டின் அட்டையில் இருந்தது சின்னம்மாவின் படம் அல்ல. தாவணி போட்ட இளம்பெண் ஒருத்தி பஸ் படிக்கட்டில் ஒரு காலை வைத்து, திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். பாடிய சின்னம்மாவின் பெயர் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. ஒரே ஒரு பாட்டுக்காக வந்த கேசட் அது. மறுபக்கம் அதே பாட்டு வெறும் இசையாக ஓடும். தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூர்ப் பக்கம் டவுன் பஸ்ஸில் போய்வந்தவர்கள் யாரும் அதற்குத் தப்பியிருக்க முடியாது. இப்போதும் கல்யாண மண்டபங்களில் யாராவது அதைப் போடுகிறார்கள். நான் எழுந்து வெளியே வந்துவிடுவேன்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. கோயமுத்தூரின் கணபதிப் பகுதியில் ஒரு கிரைண்டர் பட்டறையில் கல் கழுவித் துடைக்கும் வேலை அவளுக்கு. ஒரே மகள். இரண்டாம் வகுப்புப் படிக்கையில் மூளைக்காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மறுநாளே போய்விட்டாள். அன்றைக்குச் சின்னம்மா வாசலில் உட்கார்ந்து அழுத அழுகைதான் அந்தப் பாட்டு.

எந்த வண்டி ஏறிப் போன – என்
சின்னக் கண்ணு சொல்லாம?
கேட்டு வாங்குன வளவி ரெண்டும்
கையத் தேடி அழுகுதடி.

அழுத சொற்கள் அழுகையோடு போய்விடும் என்பார்கள். இவை போகவில்லை. அக்கம்பக்கத்தில் சாவு விழுந்தால் சின்னம்மாவைக் கூப்பிடுவார்கள். செத்தவருக்காகத் தொடங்குவாள், முடிக்கும்போது தன் பிள்ளையிடம் வந்து நிற்பாள். அப்படி ஒரு வீட்டில்தான் ரெக்கார்டிங் சென்டர் நடத்திய ஒருவர் அவள் பாடியதைக் கேட்டு, பாட்டைக் கேசட்டாகப் போட விரும்பினார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

"அவளோட போட்டோகூட நம்மகிட்ட இல்லீங்க்கா. பாட்டாவது இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் சின்னம்மா. போய், கண்ணை மூடிக்கொண்டு, தாளமே இல்லாமல் பாடிவிட்டு வந்தாள்.

சில மாதம் கழித்து நானும் அவளும் காந்திபுரத்தில் பஸ் ஏறினோம். ஸ்பீக்கரில் ஒரு விசில், அதன்பின் டிரம்ஸ், அதற்கு மேல் அவள் குரல். வேகம் கூட்டியிருந்ததால் பதினெட்டு வயதுப் பெண் கொஞ்சுவதுபோல் இருந்தது. அவள் ஒவ்வொரு முறையும் "எந்த வண்டி ஏறிப் போன" என்று கேட்டதும், ஓர் ஆண்குரல் "நில்லு புள்ள, நானும் வாரேன்" என்று குறுக்கே வந்தது. பின்சீட்டுக் கல்லூரிப் பையன்கள் சேர்ந்து பாடினார்கள். சின்னம்மா முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டரிடம், "ஏனுங்க, அதைக் கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள்.

"பஸ்ஸே கேட்டுட்டு இருக்குது, நிறுத்தச் சொல்றீங்களே அம்மணி. பாட்டு நல்லால்லீங்களா?"

"நல்லாத்தானுங்க இருக்குது" என்று சொல்லிவிட்டுச் சின்னம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் ரெக்கார்டிங் சென்டருக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அவர் எழுந்து நாற்காலி போட்டார். "அழுகைப் பாட்ட யாருங்க்கா வாங்குவாங்க? ஈரோடு வரைக்கும் ஓடுது. சந்தோசப்படுங்க."

"எம் புள்ள செத்ததுக்கு அழுததுங்க அது."

"கேக்கறவங்களுக்கு அது தெரியாதில்லீங்க."

"எனக்குத் தெரியுமில்லீங்க."

அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் பாட்டு அவர் கையையும் விட்டுப் போயிருந்தது.

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போக வேண்டும் என்றாள். அநியாயத்துக்கு ஆளானவர்கள் அங்கே மிளகாய் அரைத்து அம்மனுக்குப் பூசி முறையிடுவது வழக்கம். மிளகாய் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு பெண், கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். குழந்தை தூங்கிவிட்டது. சின்னம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கள் முறை வந்ததும் அம்மிக்கு முன்னால் உட்கார்ந்தவள், குழவியைத் தொடாமல் எழுந்துவிட்டாள்.

"யாரு மேலன்னு அரைக்கறது கண்ணு? புடிச்சுப்போய்த்தானே பாடுறாங்க" என்றாள்.

அடுத்த ஆண்டு என் அம்மா இறந்தாள். சின்னம்மா தலைமாட்டில் உட்கார்ந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொடங்கினாள். சொற்கள் புதியவை, அம்மா அவளைத் தூக்கி வளர்த்த கதை. ராகம் மட்டும் பழையது. அவளுக்கு அழத் தெரிந்த ராகம் அது ஒன்றுதான். இரண்டாவது வரி முடிவதற்குள், வாசலில் தப்பட்டை அடித்துக்கொண்டிருந்தவர்களின் கை கேசட்டின் தாளத்துக்குப் போய்விட்டது. வேண்டுமென்று செய்யவில்லை, காது பழகியிருந்தது, கை போயிற்று. பந்தலில் யாருடைய குழந்தையோ இடுப்பை ஆட்டி ஆடத் தொடங்கியது. பார்த்த இரண்டொருவர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்தினார்கள்.

சின்னம்மா நிறுத்திவிட்டாள்.

"பாடு அம்மணி, உங்கக்கா போறா" என்றார்கள் சுற்றியிருந்த பெண்கள். வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு என் காதருகே, எனக்கு மட்டும் கேட்கும்படி, "சொல்லி அழுகறதுக்கு ஒண்ணுமில்லாமப் பண்ணிப்போட்டாங்க கண்ணு" என்றாள்.

அம்மாவை எடுத்தபோது தப்பட்டை முன்னால் போனது. எங்கள் ஊர் வழக்கப்படி பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். சின்னம்மா நிற்கவில்லை. மற்றவர்கள் பிடித்து நிறுத்தும்வரை, வாய் திறந்தபடி, ஒரு சொல்லும் வராமல், பாடையின் பின்னாலேயே ஓடினாள்.