லாரியை மறித்த கிரேக்க மேதை

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் தினமும் ஒரு அண்ணாச்சி என் பக்கத்தில் உட்காருவார். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. முன்சீட்டின் முதுகில் விரலால் கோடு போட்டபடியே கதை சொல்வார். குளியல் தொட்டியிலிருந்து துண்டில்லாமல் ஓடிய கிரேக்க மேதை அவர் கதையில் நம்மூர் சப்-இன்ஸ்பெக்டர். ஆப்பிள் விழுந்ததைப் பார்த்தவர் ஏட்டையா. இருவரும் டயர் தடத்தை அளந்து, கணக்குப் போட்டு, இடித்துவிட்டு ஓடிய லாரியை மறித்துவிடுவார்கள்.

ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டேன்: “என்ன அண்ணாச்சி, திருட்டு கேஸே கெடையாதா? எப்பவும் லாரிதானா?”

“திருடனையெல்லாம் போலீஸே பிடிச்சிருவாக தம்பி. என் மவன அடிச்சுட்டுப் போன லாரிதான் இன்னும் மாட்டல.”

அண்ணாச்சி வழக்கமாக இறங்கும் வளைவில் யாரும் கேட்காமலே டிரைவர் பஸ்ஸை நிறுத்தினார். அவர் இறங்கிக்கொண்டார். அங்கே ஊரும் இல்லை, நிறுத்தமும் இல்லை. அத்தனை நாளும் அவருக்கு அங்கே தோட்டம் இருப்பதாகத்தான் நினைத்திருந்தேன்.