கஸ்பார் அண்ணாச்சியின் தொண்டையும் நான் எழுதிய சீட்டும்

கஸ்பார் அண்ணாச்சி இறந்த செய்தி விளம்பரக் காரின் ஒலிபெருக்கிக் குழாய் வழியாகத்தான் எனக்கு வந்தது. காலை பத்து மணி இருக்கும். கடையில் ஒரு ரேடியோவின் பின்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் கார் திரும்பியது. "நம் ஊர் மக்களுக்கு நன்கு அறிமுகமான கஸ்பார் அவர்கள் இன்று அதிகாலை இறைவனில் இளைப்பாறினார். அடக்கம் மாலை நான்கு மணிக்கு" என்று புதிய அறிவிப்பாளர் சொல்லிக்கொண்டு போனார். அந்தச் சொற்கள் மனத்துக்குள் போவதற்கு முன், காரின் ஒலிபெருக்கி செட் கரகரப்பில்லாமல் நன்றாகப் பாடுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நடந்தது அதுதான்.

இதை வாசிக்கும் நம் ஊர்க்காரர்களில் அவர் குரலை அறியாதவர் இருக்க முடியாது. எங்கள் சவுண்ட் சர்வீஸ் கடையின் வெள்ளைக் காரில், டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில், மைக்கை இரண்டு கையாலும் பிடித்தபடி பதினோரு வருடம் இந்த ஊரைச் சுற்றியவர் அவர். சினிமா, ஜவுளிக்கடை, கோயில் கொடை, மாதா கோயில் திருவிழா, சாவு எல்லாவற்றையும் அவர் வாயால்தான் கேட்டோம். கன்னத்தில் எப்போதும் ஒரு துண்டுப் பனங்கற்கண்டும் இரண்டு மிளகும் இருக்கும். தெருவில் தெரிந்தவர் யாராவது தென்பட்டால் விளம்பரத்தை அப்படியே நிறுத்திவிடுவார். "ஏலே சந்தியாகு, வீட்டுல ஒன்னையத் தேடுதாவ, போலே!" என்று குழாயிலேயே சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து படத்தின் பெயரைத் தொடர்வார். முதலாளி எத்தனையோ முறை கண்டித்தும் அவர் மாறவில்லை.

நான் அந்தக் கடைக்கு வேலைக்கு வந்தபோது பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. என் அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் வேலை செய்பவர்கள். எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான், அதுவும் பெண். மேசையை விட்டு எழுந்திருக்கமாட்டேன், யாரிடமும் நிமிர்ந்து பேசமாட்டேன். அண்ணாச்சிதான் என்னை "காலேஜு" என்று கூப்பிட ஆரம்பித்தார். நோட்டீஸைப் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வருவார். ஒருமுறை அவர் சொன்னது நினைவிருக்கிறது: "ரோட்டுல நிக்கவனுக்குப் பேசக் கூடாது, காலேஜு. உள்ள அடுப்பு முன்னால ஒரு பொம்பள இருக்கா பாரு, அவளுக்குப் பேசணும்."

முத்துக்குளிப்பு நடந்த கடைசிக் காலத்தில் அவர் தோணியில் கயிறு பிடித்தவர். கடலுக்கடியில் இருப்பவன் கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் உடனே இழுக்க வேண்டும். "என்னத்துக்கு அசைக்கான்னு அப்ப யோசிக்கப் படாது. மேல வந்த பெறவு கேட்டுக்கலாம்" என்பார். புயல் எச்சரிக்கை வந்த ஒரு நாள், முதலாளியிடம் கேட்காமலே காரைக் கடற்கரைக்கு விடச் சொல்லி, வள்ளங்கள் கிளம்பும் இடத்தில் நின்று தொண்டை கட்டும் வரை கூப்பிட்டார். அன்றைக்கு வாடகை தந்திருந்த ஜவுளிக்கடைக்காரர் வந்து சண்டை போட்டார். "ஒம்ம சேல நாளைக்கும் இருக்கும் வேய்" என்றார் அண்ணாச்சி.

அந்த வருடம்தான் முதலாளி பழைய வால்வு செட்டை எடுத்துவிட்டு, காரின் பேட்டரியிலேயே ஓடும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரை வைத்தார். இரண்டே வாரத்தில் அது ஊமையானது. திறந்து பார்த்தேன். கடைசிக் கட்டத்தில் குழாயை ஓட்டுகிற இரண்டு பெரிய டிரான்சிஸ்டர்களும் எரிந்திருந்தன. மதுரையிலிருந்து பஸ் பார்சலில் புதிது வரவழைத்தேன். அடியில் வைக்கும் மைக்கா தகட்டை மாற்றினேன். சுற்றியுள்ள எல்லாவற்றையும் மீட்டர் வைத்து அளந்தேன். கடை மேசையில் ஒரு குழாயை இணைத்து இசைத்தட்டைப் போட்டு ஒரு மணி நேரம் பாடவிட்டேன். தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்புதான். காரில் ஏற்றிய மூன்றாம் நாள் மறுபடி எரிந்தது.

காரின் டைனமோவிலிருந்து மின்சாரம் எகிறுகிறதோ என்று ஃபியூஸ் வைத்தேன். அடுத்த முறை ஃபியூஸ் அப்படியே இருந்தது, டிரான்சிஸ்டர் போய்விட்டது. சூடு தாங்கவில்லையோ என்று பின்னால் பெரிய அலுமினியத் தகடு பொருத்தினேன். அதுவும் வீண். மேசையில் பாடும், காரில் செத்துப்போகும். கடைக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பதாகத் தோன்ற ஆரம்பித்தது.

ஒரு நாள் அண்ணாச்சி என் மேசை முன் வந்து நின்றார்.

"காலேஜு, ஒண்ணு சொல்லுதேன் கேளு. சந்தை வாசல்ல நான் தொண்டை கிழியக் கத்துதேன், அங்கன ஒண்ணும் ஆவல. கடற்கரை இறக்கத்துல இறங்குனாத்தான் பொட்டுனு நிக்குது. நாலு தடவையும் அங்கனதான்."

"அங்க கடல் இரைச்சல் அண்ணாச்சி. உங்களுக்குத் தெரியாமலே இன்னும் சத்தமாப் பேசுவீங்க" என்றேன்.

"அப்படியும் இருக்கும். ஒரு நட வண்டில ஏறி வந்து பாரேன். கண்ணால பாத்தா ஒனக்கு வெளங்கிரும்லா."

நான் போகவில்லை. காரணத்தை இப்போது மறைத்துப் பயனில்லை. பாட்டுப் போட்டுக்கொண்டு போகும் விளம்பரக் காரில் ஒரு வயசுப் பெண் உட்கார்ந்து போனால் ஊரே திரும்பிப் பார்க்கும். எங்கள் தெரு வழியாகவும் அது போகும். அந்த வெட்கத்தை அவரிடம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. "மேசையிலேயே கண்டுபிடிச்சிரலாம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டேன்.

ஐந்தாவது முறை எரிந்தபோது முதலாளி பொறுமை இழந்தார். எங்கள் வேலைச்சீட்டில் 'கோளாறின் காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பித் தரச் சொன்னார். தெரியவில்லை என்று எழுதியிருக்க வேண்டும். பட்டம் வாங்கிய பெண் அப்படி எழுதினால் அப்புறம் எதற்கு அந்தப் பட்டம் என்று நினைத்தேன். 'அறிவிப்பாளர் அளவுக்கு மீறிய சத்தத்தில் பேசுவதால் டிரான்சிஸ்டர் பழுதாகிறது' என்று அழகான கையெழுத்தில் எழுதினேன்.

முதலாளி அண்ணாச்சியைக் கூப்பிட்டு, என் முன்னாலேயே அதை வாசித்துக் காட்டினார்.

"நான் சொல்லல கஸ்பாரு. படிச்ச பிள்ள எழுதியிருக்கு."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "காலேஜு, நீ எழுதுனதா?"

தலையை ஆட்டினேன்.

"அப்ப சரியாத்தான் இருக்கும்" என்றார். கன்னத்தில் இருந்த கற்கண்டை ஒதுக்கிக்கொண்டு மைக்கைத் துடைத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவர் கோபப்பட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

அன்றோடு அவர் வேலை போனது. காரில் அவர் இடத்துக்கு மெல்லிய குரலில் பேசும் ஒருவர் வந்தார். பத்தாம் நாள் அவர் கையிலும் செட் எரிந்தது. கடற்கரை இறக்கத்தில்தான்.

மறுபடி டிரான்சிஸ்டரை மாற்றிவிட்டு, அதற்குப் பிறகுதான் நானே காரில் ஏறினேன். பின் சீட்டில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சத்தத்தைக் குறைத்து வைக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். இறக்கம் தொடங்கும் இடத்தில் சாலையின் குறுக்கே ஒரு வடிகால் வெட்டு உண்டு. இடது சக்கரம் அதில் இறங்கியதும் கூரைமேல் குழாய் கட்டியிருந்த கேரியர் ஒரு விரல் அளவு சாய்ந்தது, பாட்டு விட்டுவிட்டுக் கேட்டது. நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். குழாய்க்குப் போகும் ஒயர் கூரையின் ஓரத் தகட்டில் உரசி உரசித் தோல் தேய்ந்திருந்தது. உள்ளே செம்புக் கம்பி பளபளத்தது. தகட்டில் மிளகளவு ஒரு கருகல். வண்டி சாயும்போதெல்லாம் கம்பி தகட்டைத் தொட்டு ஷார்ட் ஆகியிருக்கிறது. முழுச் சத்தத்தில் அப்படி நடந்தால் எந்த டிரான்சிஸ்டரும் தாங்காது. கடையில் நான் சோதித்ததெல்லாம் வேறு ஒயரில். காரின் ஒயரை ஒருநாளும் பார்த்ததில்லை. சைக்கிள் டியூபைக் கிழித்து ஒயரின் மேல் சுற்றிக் கட்டினேன். கால் மணி நேர வேலை. அதன் பின் இன்றுவரை அந்த செட் எரியவில்லை.

"ஒயர் பழுது, சரிசெஞ்சாச்சு" என்று மட்டும் முதலாளியிடம் சொன்னேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. பழைய வேலைச்சீட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் பேசவில்லை.

சில வாரம் கழித்து மீன் ஏலக்கூடத்தில் அண்ணாச்சியைப் பார்த்தேன். அங்கே ஏலம் கூறும் வேலைக்குச் சேர்ந்திருந்தார். மைக் இல்லாமலே குரல் கடைசி ஆள் வரை போனது. என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"செட்டு இப்ப எரியலயாமே. என்னளா கோளாறு?"

"ஒயர் அண்ணாச்சி. கூரைல உரசியிருக்கு."

"அந்த இறக்கத்துலயா?"

"ஆமா."

அவர் முகம் மலர்ந்ததைச் சொல்லால் எழுத எனக்குத் தெரியவில்லை. "நான் சொன்னேன்லா! அப்ப என் தொண்டை இல்ல. முதலாளிட்ட வெவரம் சொல்லிட்டியா?"

தலையை ஆட்டினேன். இரண்டாவது முறையாக.

"சொல்லிட்டேல்லா, போதும். கூப்பிடுவாரு" என்று சொல்லிவிட்டு ஏலத்துக்குத் திரும்பினார்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி சலேத் அக்கா எனக்குக் காப்பி கொடுத்தார். "கார் சத்தம் கேட்டா எழும்பி வாசலுக்குப் போவாவ பிள்ள. எல்லாந் தெரிஞ்சும் முதலாளிக்குக் கூப்பிட மனசில்ல, எங்கிட்ட வேற என்னமோ கொற இருக்கு போலன்னு சொல்லிச் சொல்லி மாஞ்சு போனாவ" என்றார்.

"முதலாளிக்குத் தெரியாது அக்கா. நான் சொல்லவே இல்ல" என்றேன்.

அக்கா என் முன்னாலிருந்த காப்பித் தம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "இத அவிய இருக்கையில சொல்லியிருக்கலாம்லா" என்றார். அங்கிருந்து நேரே கடைக்குப் போய் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நீ எழுதுனத நம்பித்தானம்மா நான் அந்த மனுசன அனுப்புனேன்" என்றார். குழாயில் ஊருக்குச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். ஐந்து முறை எரிந்ததில் கஸ்பார் அண்ணாச்சியின் தொண்டைக்கு எந்தப் பங்கும் இல்லை. அவர் சொன்னது சரி. நான் எழுதியது பொய்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டு. எந்த செட்டைப் பழுதுபார்த்தாலும் இப்போது அந்தச் சீட்டில் உட்கார்ந்து ஊரை ஒருமுறை சுற்றிவிட்டுத்தான் வேலைச்சீட்டு எழுதுகிறேன். எல்லோரும் பார்க்கத்தான் செய்கிறார்கள். போன வாரம் சந்தை வாசலில் கார் நின்றபோது, கூடையோடு போன ஒரு பெண் என்னைக் குனிந்து பார்த்து, "யாருளா இது, கஸ்பாரு மவளா?" என்றாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கார் நகர்ந்துவிட்டது.